காணிப்பாக்கத்துக்கு வா

சுலோச்சனாவுக்கு மறதி கிடையாது. எங்கள் ஊர் நகரியில் விசைத்தறி ஓட்டும் பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யாராவது திட்டினால் அழுவார்கள், மறுநாள் அவர்களோடேயே சிரித்துப் பேசுவார்கள். இவள் அழவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். முந்தானையில் முடிந்துகொள்கிற மாதிரி மனதில் முடிந்துகொள்வாள்.

ஒருமுறை புத்தூர் பஸ்ஸில் கைக்குழந்தையோடு வந்த சுலோச்சனாவைப் பக்கத்துத் தெருக் கண்டக்டர் ஒருவன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே மழையில் இறக்கிவிட்டுப் போனான். அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு வருஷம் கழித்து அவன் மகளுக்குச் சம்பந்தம் பேசியவர்கள் குடும்பம் எப்படி என்று விசாரிக்க எங்கள் தெருவுக்கு வந்தார்கள். சுலோச்சனா அவர்களை உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். கல்யாணம் நின்றுவிடவில்லை. தள்ளித்தான் போனது. "அது போதும்க்கா. அவனும் கொஞ்சநாள் மழையில நிக்கட்டும்" என்றாள்.

எனக்கு அவளைப் பிடிக்கும். மன்னிப்பதுதான் பெரிய குணம் என்று உபதேசம் செய்கிறவர்களைத்தான் பிடிக்காது. அவர்களில் பாதிப்பேருக்கு எதுவும் நடந்திருக்காது.

அவள் புருஷன் லோகேஸ்வரன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருநாள் வீட்டுக்கு வருவான். சாது. ஒரே மகள் பிரித்திகா. அவன் கைபேசியில் அவள் படத்தைத் தவிர வேறு படமே இருக்காது.

போன சித்திரை அமாவாசைக்குத் தறிகளுக்கு விடுமுறை. நாங்கள் பெண்களாகச் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு திருப்பதிப் பக்கம் இருந்த தண்ணீர் பார்க்குக்குப் போனோம். பெயர் வேண்டாம். சறுக்குமரம், செயற்கை மழை, பாட்டு எல்லாம் உண்டு. நடுவில் பெரிய அலைக்குளம். சைரன் ஊதினால் மெஷின் அலையை எழுப்பும். சைரன் கேட்டதும் இருக்கிற கூட்டமெல்லாம் குளத்துக்குள் பாய்ந்து கத்தும். கரையில் உயரமான நாற்காலி போட்டு, சிவப்பு டீ-ஷர்ட்டில் ஒருவனை உட்காரவைத்திருந்தார்கள். யாராவது மூழ்கினால் காப்பாற்றுகிற ஆள் அவன்தான்.

வெளிச்சாப்பாடு உள்ளே எடுத்துவரக்கூடாது என்று வாசலிலேயே பையைச் சோதித்தார்கள். நாங்கள் யார்? ஈரத்துண்டுகளுக்கு நடுவில் புளிசோற்றுப் பொட்டலத்தைச் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டோம். பசி வந்ததும் பிரிக்க வேண்டுமே. அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் பார்த்துவிட்டால் பிடுங்கிக்கொள்வான் என்று நானும் சுலோச்சனாவும் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். பிரித்திகா குளத்தில் டியூபில் மிதந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணில் படக்கூடாது என்பதுதான் எங்கள் கவலை. அவன் எதையும் பார்க்கிற ஆளே இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

சைரன் ஊதியது. கூட்டம் கத்தியது. பிரித்திகா டியூபிலிருந்து வழுக்கித் தண்ணீருக்குள் போனாள். மூழ்குகிற பிள்ளை கூப்பாடு போடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் வராது. குடிபாலாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் காலில் ஏதோ தட்டுப்படுகிறதே என்று குனிந்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது குழந்தை நீலமாகக் கிடந்தது. நாற்காலியில் இருந்தவன் அப்போதுதான் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினான். நிமிர்த்தியும் இறங்கி வரவில்லை. நாற்காலிக் கம்பியைப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

அந்த முகத்தைச் சுலோச்சனா பார்த்துவைத்துக்கொண்டாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் பிள்ளை பிழைத்தது. அந்த அம்மாள் நன்றாக இருக்கட்டும். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு பிள்ளை தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. ஊற்றப்போனால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொள்ளும். எண்ணெய் பிசுக்கேறிய அந்தச் சின்னத் தலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டே சுலோச்சனா பல்லைக் கடிப்பாள்.

ஸ்ரீசிட்டியிலிருந்து ஓடிவந்த லோகேஸ்வரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நீ எங்க இருந்தே?"

"கரையிலதான் நின்னுகினு இருந்தேன். கண்ணையே எடுக்கல. நான் கத்தறேன், அந்தப் பாவி போனை நோண்டிக்கினு கீறான்" என்றாள்.

அவன் நம்பினான். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எனக்கென்ன வேலை?

பார்க் மேனேஜர் பவன்குமாரிடம் போய் நின்றோம். சித்தூர்க்காரன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவன். கேமரா அன்றைக்குப் பழுது என்றான். எங்கள் ஆள் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள்தான் எங்கோ போனீர்கள் என்றான். ஸ்டேஷனுக்குப் போனோம். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, சமாதானமாகப் போங்கள் என்றார்கள். சுலோச்சனா மறுபடி பார்க்குக்கு வந்தாள். டிக்கெட் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"உன் ஆளு தண்ணியத்தான் பாத்துக்கினு இருந்தான்னா, காணிப்பாக்கத்துல வந்து சொல்லட்டும்."

வரிசையில் நின்றவர்கள் டிக்கெட்டை மறந்து பவன்குமாரைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறிலிருந்து அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வரைக்கும் தீராத வழக்கெல்லாம் கடைசியில் காணிப்பாக்கம் பிள்ளையாரிடம்தான் போகும். குளத்தில் மூன்று முங்கு முங்கி, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். அங்கே பொய் சொன்னவன் உருப்பட மாட்டான் என்பது நம்பிக்கை. வரமாட்டேன் என்றால் அதற்கும் ஒரே அர்த்தம்தான். பவன்குமாருக்கும் அது தெரியும். முங்கப்போவது தன் தலை இல்லையே என்று சரி சொல்லிவிட்டான்.

வேனில் திரும்பும்போது சுலோச்சனா என் காதோடு சொன்னாள்: "அவன் உண்மைய சொல்லணும்னு நெனச்சுக்கினியா அக்கா? பொய் சொல்லணும். வேலைக்குப் பயந்து பொய்தான் சொல்லுவான். அப்பறம் பிள்ளையார் பாத்துப்பாரு. அவன் குடும்பமே நாசமாப் போவணும்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை, அவ்வளவு சரியாகப் பட்டது. ஆனால் ஆத்திரத்தில் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். நானும்தான். பிரமாணத்துக்குக் கூப்பிட்டவரையும் முங்கச் சொல்லிக் கேட்க எதிராளிக்கு உரிமை உண்டு.

குறித்த நாளில் லோகேஸ்வரன் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தான். பவன்குமார் காரில் வந்து இறங்கினான். அவன் பின்னாலேயே சிவப்புச் சட்டைக்காரன். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பெயர் சாய்குமார், பாலசமுத்திரத்துப் பக்கம். அவனுக்கும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். சுலோச்சனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாய்குமார் குளத்துப் படியில் இரண்டு படி இறங்கினான். கணுக்காலுக்குத் தண்ணீர் வந்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"முங்குடா" என்றான் பவன்குமார்.

"சார், ஆழம் எவ்ளோ இருக்கும்?"

யாரோ சிரித்தார்கள். சுலோச்சனா சிரிக்கவில்லை.

"ஏன், உனக்குத் தெரியாதா? ஊரையே காப்பாத்தற ஆளு நீதானே?"

அவன் கம்பியை விடவில்லை. சட்டையெல்லாம் வேர்வை. "எனக்கு நீச்சல் தெரியாதுக்கா" என்றான்.

"இன்னா சொன்னே?"

"நீச்சல் தெரியாதுக்கா. மாங்கூழ் கம்பெனியில மூட்டை தூக்கறவன் நான். மாம்பழம் வர்ற வரைக்கும் இங்க உக்காருன்னு டீ-ஷர்ட் குடுத்தாங்க. தெரியாதுன்னு சார்கிட்ட சொன்னேன். சும்மா உக்காந்தா போதும்னாரு. தண்ணியவே பாத்துக்கினு இருந்தா பயமா இருக்கும். அதனாலதான் போன் பாத்துக்கினு இருந்தேன். உங்க பொண்ண நான் பாக்கலக்கா. பாத்திருந்தாலும் எறங்கியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதான். சுலோச்சனாவின் முகம் செத்துப்போனது. அவனை நாசமாக்க அவள் கட்டியிருந்த கோட்டையை அவன் உண்மையைச் சொல்லி உடைத்துவிட்டான். எனக்கும் ஏமாற்றம்தான். பொய் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோவில் குளத்தங்கரையில் நின்றுகொண்டே நினைத்தேன்.

அவள் மெல்லப் பவன்குமார் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நீ முங்கு. இவனுக்கு நீச்சல் தெரியும்னு நம்பித்தான் உக்கார வெச்சேன்னு சாமிகிட்ட சொல்லு."

"நேனெந்துக்கம்மா?" என்று அவன் தெலுங்கில் ஆரம்பித்து, கூட்டத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினான். "நான் ஏன் முங்கணும்? பெத்தவ நீ எங்க இருந்தே? பிரமாணத்துக்குக் கூப்பிட்டவ நீ. மொதல்ல நீ முங்கு. என் பொண்ண நான் பாத்துக்கினேதான் இருந்தேன்னு சொல்லு. அப்பறம் நான் முங்கறேன்."

நியாயம்தான் என்று கூட்டத்தில் நாலைந்து குரல் கேட்டது. லோகேஸ்வரன் முன்னால் வந்தான்.

"சொல்லு சுலோ. நீதான் கண்ணையே எடுக்கலியே. உனக்கு இன்னா பயம்? போய் முங்கு" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் புளிசோற்றைப் பிரித்து அவள் கையில் வைத்தவள் நான்தான். இல்லை என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை. 'வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் வா' என்று சொல்ல வாய்வரை வந்தது. திரும்பிப் போயிருந்தால் புருஷனிடம் சொன்ன பொய் பத்திரமாக இருந்திருக்கும். பவன்குமாரும் தப்பித்திருப்பான். பொய்ப் பிரமாணம் செய்தால் அந்தப் பாவம் பிள்ளை தலையில்தான் விழும்.

சுலோச்சனா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி மூன்று முங்கு முங்கினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சந்நிதிக்கு நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். வேறு வழியில்லாமல் பவன்குமாரும் வந்தான். சூடம் ஏற்றினார்கள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல் அவளுக்கு, மெதுவாகப் பேச வராது.

"சாமி, நான் பாக்கல. சோத்த ஒளிச்சு எடுத்துக்கினு போனேன். புடுங்கிப்பாங்கன்னு முதுகத் திருப்பி உக்காந்து துன்னுக்கினு இருந்தேன். எம் பொண்ணு முழுவச்சொல்ல எம் வாயில சோறு இருந்துச்சு. பாத்துக்கினு இருந்தேன்னு எங்க வீட்டுக்காருகிட்ட சொன்னது பொய்."

லோகேஸ்வரன் தூணைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. ஈரக்கையை நீட்டிப் பவன்குமாரைக் காட்டினாள்.

"நான் சொல்லிட்டேன். இப்ப நீ போய் முங்கிட்டு வா."

பவன்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான், அது அடிக்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்குப் போனான். செருப்பை விட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனான். அவன் முதுகைப் பத்துப்பேர் வீடியோ எடுத்தார்கள்.

அதற்குமேல் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. காணிப்பாக்கத்தில் முங்காமல் ஓடினவன் என்று சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எல்லாக் கைபேசியிலும் அவன் முதுகுதான். பள்ளிக்கூடங்கள் சுற்றுலாவை ரத்துசெய்தன. அதிகாரிகள் வந்தார்கள், நீச்சல் தெரிந்த ஒரு ஆளைக்கூட அவனால் காட்ட முடியவில்லை. அலைக்குளத்தை வடித்துவிட்டு வாசலைப் பூட்டினார்கள். நன்றாக வேண்டும். பூட்டைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாய்குமார் மாங்கூழ் கம்பெனிக்கே மூட்டை தூக்கத் திரும்பிவிட்டான் என்று கேள்வி.

லோகேஸ்வரன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. வாரம் ஒருநாள் வருகிறான். பிள்ளையைக் கடைக்கு, கோவிலுக்கு, எங்கே கூட்டிப்போனாலும் தானே கையைப் பிடித்துக்கொள்கிறான். சுலோச்சனா இந்தப் பக்கம் வந்து இன்னொரு கையைப் பிடிக்கப் போனால், பிள்ளையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான்.

பூட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று நேரே அவள் தறிக்கொட்டகைக்குப் போனேன். சத்தத்துக்கு மேல் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். "சரிக்கா" என்றாள்.

"இன்னாடி சரி? நெனச்சது நடந்துபோச்சு, சந்தோஷமா இல்லியா?"

அவள் தறியை நிறுத்தினாள்.

"அந்தப் பையன் உண்மைய சொல்லித் தப்பிச்சுக்கினான். மேனேஜரு ஓடி மாட்டிக்கினான். இன்னொருத்தி பாக்கி கீறாளே அக்கா."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "அவளும்தானே மூணு முங்கு முங்கி உண்மைய சொன்னா. சாமியே உட்டுடுச்சு, நீயும் உடுடி" என்றேன்.

"சாமிக்கு இன்னா, அது உட்டுடும்" என்றாள். "எம் பொண்ணு முழுவச்சொல்ல அவ துன்னுக்கினு இருந்தாக்கா. நான் உட மாட்டேன்."