தப்பு விடைக்கு ஒரு டீ

நான் கணக்கு விளையாட்டு ஒன்று செய்து போனில் வைத்திருப்பது இந்த வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நச்சரித்திருக்கிறேன்.

விடை சரியென்றால் லாரி மலையேறும். தப்பென்றால் கவிழும். கவிழ்கிற சத்தத்தை நானே வாயால் எழுப்பிப் பதிவு செய்தேன். சிரிப்பே அங்கேதான் என்று பெருமை வேறு.

உண்மையான கருத்து கேட்டால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறீர்கள். அதனால் இன்று காலை பக்கத்து வீட்டு நாலாம் வகுப்புக் கவியாவிடம் போனைக் கொடுத்தேன். முதலில் வேண்டுமென்றே தப்பாக அழுத்தி லாரியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை.

அடுத்தது எட்டை ஏழால் பெருக்கும் கணக்கு. அழுத்தாமல் விரலைத் திரைக்கு மேலேயே வைத்திருந்தாள்.

"ஏஞ்சாமி, தெரியலயா?"

"தெரியுமுங்க மாமா. அம்பத்தாறு."

"அப்பறமென்ன, அமுத்து!"

"ஒருவேள தப்பாயிருந்தா வண்டி கவுந்துருமுங்க. எங்கப்பா லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் போயிருக்காருங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாமக்கல்லில் பிறந்து, லாரிக்காரர்கள் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, எனக்கு இது தோன்றவேயில்லை.

மதியம் உட்கார்ந்து மாற்றினேன். இப்போது விடை தப்பினால் லாரி ஓரமாக நிற்கும். டிரைவர் இறங்கி டீ குடிப்பார். பிறகு மறுபடியும் விடை சொல்லலாம்.

சாயங்காலம் கவியா விளையாடினாள். வரிசையாக எல்லாம் சரி. பிறகு மூன்றும் இரண்டும் ஏழு என்று அழுத்தினாள்.

"என்ன சாமி இது?"

"ரொம்ப நேரமா ஓட்டறாருங்க மாமா. ஒரு டீ குடிக்கட்டும்."

கணக்கு வாத்தியார்களே, இந்த விடைக்கு எத்தனை மார்க்? கட்டைவிரல் வேண்டாம், வாயைத் திறந்து சொல்லுங்கள்.