கடைசி விக்கெட்டும் ஆறு மணிச் செய்தியும்

ஜனவரி மாதத்தில் சிட்னியில் ஆறு மணிக்குச் செய்தி வரும் என்று நம்பி டிவியைப் போடுகிறவர் ஏமாந்துதான் போவார். கிரிக்கெட் இழுத்துக்கொண்டே போகும். நாங்கள் இங்கே வந்த புதிதில், ஆட்டம் முடியும்வரை செய்தியும் காத்திருக்கும். முடிந்ததும் வாசிப்பவர் கோட்டும் டையுமாக வந்து, பாதியை விழுங்கி மீதியை வாசித்துவிட்டுப் போவார். பிறகு டிஜிட்டல் வந்து, நிலையங்களுக்கு இரண்டாவது சேனல் கிடைத்தது. ஆட்டம் நீண்டால் செய்தியை அங்கே தள்ளிவிட்டு, திரையின் அடியில் அதைச் சொல்லி ஒரு வரியை ஓடவிடுவார்கள்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. நார்த்மீட்டில் வாடகை வீடு. டெஸ்ட் நடக்கும் ஐந்து நாளும் அப்பா லீவு போட்டுவிடுவார். நானும் அவரும் சோபாவின் இரு முனைகளிலும் சாய்ந்து, காலை நடுவில் நீட்டிக்கொண்டு கிடப்போம். ஜன்னல் திரையை இழுத்து மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுவிடுவோம். "பிள்ளை, இந்த ஓவரில ஒண்டு விழும், பார்" என்பார் அப்பா. விழாது. அவர் சளைக்கமாட்டார், அடுத்த ஓவருக்கும் அதையே சொல்லுவார். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

அம்மாவுக்கு பிளாக்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்கே அங்கே நிற்கவேண்டும். வங்கி, டொக்டர், என் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் அம்மாவுக்காக அப்பாதான் பேசுவார். அம்மா வாயைத் திறக்குமுன்பே, "அவவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டம்" என்று முந்திக்கொள்வார். கெட்ட எண்ணம் கிடையாது, உதவி என்றுதான் நினைத்தார். அம்மாவும் சிரித்தபடி பக்கத்தில் நிற்பார்.

அந்த வருட டெஸ்டின் கடைசி நாள், அம்மா பின்னேரம் வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஆறு மணி நியூஸில என்னைக் காட்டுவினமாம்."

விடியற்காலை பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று அப்போது ஒரு கதை அடிபட்டது. அம்மா பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு டிவிக்காரர் வந்து மைக்கை நீட்டியதும் மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். அம்மா நின்று பேசியிருக்கிறார். இந்த பஸ் இல்லாவிட்டால் நான் எப்படி வேலைக்குப் போவது, அந்த வயதானவர்களுக்கு யார் காலைச் சாப்பாடு கொடுப்பது என்று கேட்டாராம். ஆங்கிலத்தில்.

"தனியவோ கதைச்சனீர்?" என்றார் அப்பா.

"பின்னே? நியூஸில பாருங்கோவன்."

அம்மா தலை முழுகி, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா சும்மா இருப்பாரா? "ரீவிக்குள்ள வாறதுக்கு இஞ்ச ஏன் வெளிக்கிடுறீர்?" என்று சீண்டினார். அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்புமாக இருந்தது. சோபாவில் இடமிருந்தும் கதிரை ஒன்றை இழுத்து, டிவிக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். தான் பேசியதை அப்பா பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆறு மணி ஆனது. ஆட்டம் முடியவில்லை. நாங்கள் ஆதரித்த அணியின் கடைசி இரண்டு பேர் மட்டையைப் போட்டு மறித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு விக்கெட் விழுந்தால் எதிரணிக்கு வெற்றி, விழாவிட்டால் சமநிலை. இன்னும் எட்டு ஓவர்.

"மட்ச் முடியாமல் நியூஸ் போடமாட்டாங்கள்" என்றார் அப்பா, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போதுதான் அடியில் அந்த வரி ஓடியது. செய்திகள் இப்போது எங்கள் இரண்டாவது சேனலில். நான் அதை முழுதாக வாசித்தேன். ரிமோட் என் மடியில் கிடந்தது. இந்த ஓவர் முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. பஸ் கதையெல்லாம் கடைசியில்தான் வரும், இன்னும் ஒரு ஓவர் பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். வரி மூன்று முறை ஓடியது. மூன்று முறையும் நான் வாயைத் திறக்கவில்லை.

விக்கெட் விழவில்லை. அப்பாவும் நானும் துள்ளி எழுந்து கட்டிக்கொண்டோம். உடனே செய்தி வந்தது, ஆனால் பாதியிலிருந்து. கொஞ்ச நேரத்தில் வானிலையும் வந்து, முடிந்துவிட்டது.

"வெட்டிப்போட்டாங்கள் போல" என்றார் அப்பா.

"பரவாயில்லை" என்று சொல்லி அம்மா எழுந்து சோறு போட்டார். அந்தச் சேலையோடுதான்.

மறுநாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் வேலிக்கு மேலால் எட்டி, நேற்று மற்றச் சேனலில் பார்த்தேன், எவ்வளவு அழகாகப் பேசினாய் என்று அம்மாவைப் பாராட்டினார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நிலையத்துக்குப் போன் செய்து பிரதி கேட்டார். கிடைக்கவில்லை. "எனக்குத் தெரியாமல் போச்சே" என்று இரண்டு நாள் புலம்பினார். "எனக்கும்தான்" என்று நானும் சொன்னேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

இப்போது எனக்குத் தனி வீடு இருக்கிறது. ஆனாலும் டெஸ்டின் கடைசி நாளுக்கு அப்பாவிடம் போய்விடுவேன். போன ஜனவரியிலும் போனேன். ஆட்டம் ஆறு மணியைத் தாண்டியது, அப்பா சோபாவிலேயே உறங்கிவிட்டார். நான் எழுந்து குசினிக்குப் போனேன். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அண்டைக்கு மற்றச் சேனலில நியூஸ் போகுது எண்டு கீழ ஓடினது. நான் வாசிச்சனான். வாசிச்சிட்டுச் சொல்லேல்லை."

அம்மா கையை நிறுத்தவில்லை.

"ஓம், நானும் வாசிச்சனான்."

"பிறகேன் அம்மா சொல்லேல்லை?"

"உங்கள் ரெண்டு பேரில ஆராவது மாத்துவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.