அறுந்த நரம்புச் சிலந்தி

பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. சங்கு ஊதியபின் சுரங்கத்துக்குள் வேட்டு வைப்பார்கள். எங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் அந்த அதிர்வு அடங்கும்வரை யாரும் சவரம் செய்யமாட்டார்கள், கொதிக்கும் பானையை இறக்கமாட்டார்கள். நாங்களும் காத்திருந்துதான் மகளின் காலைத் தொட்டோம்.

அவள் கணுக்காலில் நரம்புச் சிலந்தி வெளிவந்திருந்தது. படிக்கிணற்றுத் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சியோடு வயிற்றுக்குள் போய், உடம்பில் வளரும் புழு அது. கொப்புளம் உடைந்து எட்டிப் பார்க்கும் நுனியை ஈர்க்குச்சியில் சுற்றி, தினமும் விரற்கடை நீளம்தான் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும்.

நான் பள்ளி ஆசிரியன். வலி மறக்கட்டும் என்று வகுப்பில் சொல்லும் பாடத்தையே அவளுக்கும் சொல்வேன். முதுகெலும்பில்லாத உயிர்களில் புழுக்களே பல வகை. நாடாப்புழு தட்டை. மண்புழுவுக்கு உடம்பெல்லாம் வளையம். இது உருண்டை, வளையமில்லை, காலில்லை, கண்ணில்லை, வெறும் வெள்ளை நூல்.

"அப்போ மண்புழு இதுக்கு இன்னா முறை, நைனா?"

"தூரத்து சொந்தம். கல்யாணம், காதுகுத்துக்குக்கூட கூப்பிட மாட்டாங்க."

"கூப்பிடாமலே வந்து கால்ல குந்திகிச்சே" என்றாள் என் மனைவி, ஈரத்துணியைப் பிழிந்தபடி. மகள் சிரித்தாள்.

குச்சியை அரைச் சுற்று சுற்றியிருப்பேன். அப்போது வந்தது வேட்டு அல்ல. கீழே எங்கோ பாறையே பாரம் தாங்காமல் வெடித்துவிட்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது, சுவர் மண் உதிர்ந்தது, மகள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். குச்சி என் கையிலேயே இருந்தது. அதிலிருந்து அறுந்த நூல் தொங்கியது.

"மண்புழு அறுந்தா தலைப்பக்கம் பொழச்சுக்கும்னு சொன்னியே நைனா. இதுவும் பொழைக்குமா?"

இல்லை என்றேன். மீதி உள்ளேயே செத்து அழுகும் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த வரிசை வீட்டில் ஒருவருக்கு இப்படி அறுந்து, காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். அவரை அவளும் தினம் பார்ப்பாள்.

பொழுது சாய்வதற்குள் கால் வீங்கிச் சிவந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஷாப்ட் குழியிலிருந்து மேலே கொண்டுவந்த அடிபட்ட ஆட்களை வாசல்வரை கிடத்தியிருந்தார்கள். காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் நிமிராமலே, "போங்க வாத்தியாரே, நானே வரேன்" என்றார். அவர்கள் நடுவே நின்று ஒரு புழுவைப் பற்றி மேலும் பேச மனமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

விடிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மகள் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தாள். இத்தனை காலம் கழித்து இப்போதும் சங்கு ஊதினால் என் கை தானாக எதையோ இறுகப் பிடித்துக்கொள்கிறது.

உச்சி வெயிலில் டிரஸ்ஸர் வந்தார். சட்டையில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. வீக்கத்தைக் கீறிச் சீழை வடித்தார், செத்த புழுவைத் துண்டு துண்டாக எடுத்தார், எலும்பை நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். கை கழுவிவிட்டு மகளிடமே சொன்னார்:

"கணுக்கால் இனிமே சரியா மடங்காதும்மா, சாய்ஞ்சுதான் நடப்பே. ஆனா கால் இருக்கும். நேத்திலேர்ந்து நான் யாருக்கும் இப்படி சொல்லல. உனக்குத்தான் சொல்றேன்."