கறுப்புக் கட்டத்தில் ஏறிய எண்

இன்டர்நெட்டில் நாங்கள் போட்ட அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் இருக்கும். உள்ளே பச்சை நிறத்தில் ஓர் எண். யாராவது பக்கத்தைத் திறந்தால் எண் ஒன்று கூடும். மாமாவுக்கு எழுத்து வாசிக்க வராது, எண் தெரியும். காலையில் மில் கேட்டில் காவலுக்கு உட்கார்ந்ததும் போனை எடுத்துக் கட்டத்தைப் பார்ப்பார். சாயங்காலம் சைக்கிளை எடுக்கும் முன் இன்னொரு தடவை. உடனே என்னைக் கூப்பிடுவார். "மச்சான், ரெண்டு ஏறிக்குதுபா. எவனோ பாத்துக்கினு இருக்கான்."

மாமா என் அக்காவின் கணவர். குருவிநத்தத்தில் வீடு. அவர்களுக்கு ஒரே மகன். இருபத்து மூன்று வயதில் வேலையில்லாமல் இருந்தவனை, வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா 'தண்டச்சோறு' என்று சொல்லிவிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிப் போனவன் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவன், சுவரொட்டி ஒட்டிப் பிழைக்கிறவன். கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் வில்லியனூரிலிருந்து மடுகரை எல்லைவரை என் பசைதான். அவனுக்கும் நானே ஒட்டினேன். படம், பெயர், ஊர், அப்பா பெயர், இடது புருவத்துத் தழும்பு, கீழே என் போன் நம்பர். மழை கொஞ்சம் கரைத்தது. பசை வாசத்துக்கு மாடு கொஞ்சம் தின்றது.

வில்லியனூரில் ஜெராக்ஸ், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னார். இன்டர்நெட்டில் அவன் பெயரில் ஒரு பக்கம் போட்டால், எந்த ஊரில் யார் தேடினாலும் வரும் என்றார். மாமாவும் நானும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனோம். கடையில் நல்ல கூட்டம். எனக்குப் பின்னால் கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். "பையன பத்தி ஒரு பத்து வரி சொல்லுங்கண்ணா, நான் டைப் பண்றேன்" என்றார் அந்த அம்மா. அத்தனை பேர் காதில் விழ வாக்கியம் கோத்துச் சொல்வது என்னால் ஆகிற காரியமில்லை. சுருட்டி வைத்திருந்த சுவரொட்டியை எடுத்து மேசையில் விரித்தேன்.

"இதையே போட்டுடும்மா. இதுல எல்லாம் இருக்குது."

"எழுத்தா இருந்தா நல்லதுண்ணா."

"இதுவும் எழுத்துதானேம்மா?"

அவர் சிரித்துவிட்டு அதைப் படம் பிடித்து ஏற்றினார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என மாமா கேட்டதால் அடியில் அந்தக் கட்டத்தையும் வைத்துக் கொடுத்தார். அவன் முகம் போனில் வந்ததைப் பார்த்து மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உலகத்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

மூன்று வருடத்தில் எண் நாலாயிரத்தைத் தாண்டியது. ஆதார் அட்டை நகல் எடுக்க ஒருநாள் அந்தக் கடைக்குப் போனபோது, பையன் கிடைத்தானா என்று அந்த அம்மா கேட்டார். இல்லையென்றதும் அவன் பெயரையும் ஊரையும் தேடும் இடத்தில் தட்டிப் பார்த்தார். யார் யாரோ வந்தார்கள். எங்கள் பக்கம் வரவேயில்லை.

"தேடறது மெஷினுண்ணா. அது எழுத்தத்தான் படிக்கும், படத்துக்குள்ள இருக்கறது அதுக்குத் தெரியல. வேற பக்கத்துலேர்ந்து லிங்க்குன்னு ஒரு வழி இருந்தாதான் நம்ம பக்கத்துக்கே வரும். நாம வழியும் வைக்கல. வூட்டுக்குள்ளாற ஒட்டின போஸ்டரு மாதிரி ஆயிடுச்சு."

"நாலாயிரம் பேரு பாத்துருக்காங்களேம்மா?"

அவர் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். "தெனம் யாரு தொறந்து பாக்கறது?" என்று கேட்டார்.

காலையில் மாமா, சாயங்காலம் மாமா, நடுவில் நானும் அக்காவும். அன்றைக்கு அங்கேயே நின்று பத்து வரி சொன்னேன். சுற்றி ஆள் இருந்ததா என்று நினைவில்லை. அவரே எங்கள் பங்குத் தேவாலய இளைஞர்களிடம் பேசி, அவர்கள் நடத்தும் பக்கத்திலிருந்து இதற்கு ஒரு வழி போடவைத்தார். மாமாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போன் வந்தது. கர்நாடகப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்மணி. மஞ்சள் காமாலை முற்றி அங்கே வந்து சேர்ந்தானாம். இறந்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். கேட்க ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்துவிட்டார்கள், எங்கே என்று அடையாளம்கூட இல்லையாம். "கடைசி ரெண்டு நாள் அவருக்குப் பேச்சு இல்லீங்க. சீட்டுல பேரும் ஊரும் இருந்துச்சு. அத வச்சு அப்பவே என் போன்ல எத்தனையோ தடவ தேடினேன், ஒண்ணும் வரல. இன்னிக்கு என்னமோ மனசு கேக்காம திரும்பப் போட்டேன். மொதல்லயே அவரு மூஞ்சி வருது."

அந்த ஒன்றரை வருடத்துக்கு முன்னும் எங்கள் பக்கம் இருந்தது. முகமும் தழும்பும் என் நம்பரும் அதில் இருந்தன.

மாமாவிடம் போய்ச் சாவை மட்டும் சொன்னேன். அந்தப் பெண்மணி தேடியதைச் சொல்லவில்லை. சொன்னால், நம் பக்கம் ஏன் அப்போது வரவில்லை என்று கேட்பார். அக்கா தரையில் விழுந்து அழுதாள். மாமா அழவில்லை. போனை எடுத்துக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி பேரு பாத்தானுங்களே மச்சான். ஒருத்தனுக்குக் கூடவாடா சொல்லணும்னு தோணல?"

அந்த நாலாயிரமும் நீங்கள்தான் மாமா என்று சொல்லியிருக்கலாம். என் வெட்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அக்காவைத் தூக்கி உட்கார வைக்கப் போனேன். அந்த வருடக் கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றப் போனபோது, ஏற்ற ஓர் இடமில்லாமல் மாமா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த திருநாளுக்குள் அவரும் போய்விட்டார். பார்த்தும் சொல்லாத நாலாயிரம் பேரைத் திட்டிக்கொண்டேதான் போனார்.

பக்கம் இன்னும் இருக்கிறது. பெயரைப் போட்டால் முதலில் அதுதான் வருகிறது. நானும் அக்காவும் திறப்பதை விட்டு நெடுநாளாயிற்று. நேற்று ஒரு தடவை பார்த்தேன். எங்களில் யாரும் திறக்காமலே எண் ஏறியிருக்கிறது; அதே பெயருள்ள வேறு யாரையோ தேடி வருகிறவர்களாக இருக்கும். ஒன்று கூடினாலும் கூப்பிட்டுச் சொல்ல இப்போது எனக்கு ஆளில்லை.