துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்த சீட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு தறிக்கு நூல் தார் சுற்றப் போனவள் நான். ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்து போகிறது. நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தால் எனக்கே பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இதுவும் வராது. விசேஷ வீட்டுக்குப் போனால் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு வருகிற ஆள் நான். அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். ஒரு பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையைக் கெடுக்கப் பார்த்தேன். கெடுக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

சோமனூர்ப் பக்கம் ஒரே வாசலில் இரண்டு வீடு எங்களுக்கு. ஒன்றில் நான் மட்டும் இருக்கிறேன். மகன் வெளியூரில். இன்னொன்றுக்குத் தை மாதத்தில் ஒரு தாயும் மகளும் குடி வந்தார்கள். தாய்க்குத் தறிக்கூடத்தில் வேலை. மகள் பன்னிரண்டாவது. சாமான் இறக்குவதற்கு முன்பே அந்தத் தாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அக்கா, உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னங். புள்ளைக்குப் படிப்பு நல்லா வருமுங். ஆனா ஹாலுக்குள்ள போனா ஒண்ணும் நெனப்பு வாரதில்லைங். ரிவிஷன் பரிட்சையில மூணு மணி நேரமும் சும்மா உக்காந்துபோட்டு, கெமிஸ்ட்ரி பேப்பரை வெறுசா குடுத்துட்டு வந்துட்டாளுங். நர்ஸுக்குப் படிக்கோணும்னு ஆசை. இதுல கோட்டை உட்டான்னா, இவ மாமன் மில்லு வேலைக்குன்னு ஆஸ்டல்ல கொண்டோய்ச் சேத்திப்போடுவானுங். சத்தமில்லாத ஊடா இருந்தாத் தேவலைன்னுதானுங் இங்க வந்தோம்.”

சத்தமில்லாத வீடு என்றது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்துச் சந்தில் தறி ஓடுகிற சத்தத்தை நாங்கள் யாரும் சத்தமாக நினைப்பதில்லை. ஆனால் குடி வந்த பத்தாம் நாளே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

படிக்கிற பிள்ளை என்றால் கையில் புத்தகம் இருக்க வேண்டும் அல்லவா? இவள் கையில் ஒன்றும் இருக்காது. விடிந்ததும் தாய் வேலைக்குப் போய்விடுவாள். உடனே இவள் வாசலுக்கு வருவாள். கேட்டுக்குப் போய்த் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு மெல்ல நடப்பாள். துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்று வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுப்பாள். பிறகு தண்ணீர்த் தொட்டி. பிறகு மோட்டார் பெட்டி. கடைசியில் என் வாசற்படிக்கு வந்து நிற்பாள். கண் மூடித்தான் இருக்கும். உதடு மட்டும் அசையும். உள்ளே ஜன்னலுக்குப் பின்னால் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.

“என்ன கண்ணு, காலங்காத்தால நடக்கறே?” என்று ஒரு நாள் கேட்டேன்.

திடுக்கிட்டுப் போனாள். “சும்மாங் பெரிம்மா,” என்றாள். சும்மா நடக்கிறவளுக்கு முகம் ஏன் வெளுக்க வேண்டும்?

அந்த வாரம் என் கோழி முட்டை இடுவதை நிறுத்தியது. எனக்கு மூட்டு வலி அதிகமானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். ஒரு மத்தியானம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது துவைக்கிற கல்லைக் குனிந்து பார்த்தேன். அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த ஒரு சீட்டு.

அதைப் பிரித்ததும் பயந்து போனேன். ஆறு மூலைக் கட்டம். அதற்குள் ஒரு வட்டம். கட்டத்தின் உச்சியில் ஒட்டினாற்போல் ஒரு வட்டமும் ஏணி மாதிரி ஓர் எழுத்தும். பக்கத்தில் அம்புக்குறி. தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

நான் இப்படிப் பயந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமாகிப் போன புதிதில் என் மாமியார் வீட்டில் அடுத்தடுத்து எருமைகள் செத்தன. ஓர் ஆளைக் கூட்டி வந்து வாசற்படிக்கு அடியில் தோண்டினார்கள். செப்புத் தகடு ஒன்று வந்தது. அதில் இதே மாதிரிதான் ஆறு மூலைக் கட்டமும் நடுவில் எழுத்தும் இருந்தன. யார் வைத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. பங்காளிகள் இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை நின்று போனது மட்டும் மிச்சம். அந்த ஆள் அப்போது ஒன்று சொன்னார். எந்த இடத்தில் எந்தக் குறி இருந்தது என்று மனப்பாடமாகத் தெரிந்துகொண்டுதான் எடுக்க வேண்டுமாம். தெரியாமல் எடுத்தால் தகடு போனாலும் வைத்தது போகாதாம்.

ஆகவே அந்தச் சீட்டை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டு, அப்புறப்படுத்தாமல் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். அவள் நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு இருந்தது. கேட்டின் குழாய்க்குள், கல்லுக்கு அடியில், தொட்டி விளிம்பில், மோட்டார் பெட்டிக்குள், முருங்கை மரப் பொந்தில், துணிக் கம்பி கட்டிய கம்பத்தில், கோழிக்கூண்டின் தகரத்தில், குளியலறைக் கதவுக்குப் பின்னால். ஒன்பதாவது என் வாசற்படி இடுக்கில். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறுதியானது. வீட்டைச் சுற்றிக் கட்டு போட்டு என்னைக் கிளப்பப் பார்க்கிறார்கள். தாயும் மகளுமாக நின்று இந்த வீட்டையும் கேட்டால் நான் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிடுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஒவ்வொரு குறியையும் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டேன். எழுதி வைக்கவும் பயம். ராத்திரி படுத்தால் கல்லில் வட்டம், ஏணி. தொட்டியில் சாய்கோடு, ஏணி, இரண்டு. கூண்டில் பிறை, ஏணி, வட்டம். இப்படியே ஓடும்.

கெமிஸ்ட்ரிப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. அன்று காலையில் தாயும் மகளும் கோயிலுக்குப் போனார்கள். அடுப்பு இடுக்கியை எடுத்தேன், கையால் தொடக்கூடாது என்று. ஒன்பது சீட்டையும் இடுக்கியால் எடுத்து, கல் உப்பும் ஏழு மிளகாயும் சேர்த்து ஒரு பழைய துணியில் முடிந்தேன். பஸ் ஏறி நொய்யல் ஆற்றுப் பாலத்துக்குப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். எனக்கு மூட்டு வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் அவள் கேட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். கல்லுக்கு வந்தாள். முணுமுணுத்தாள். சரி பார்ப்பதற்கோ என்னவோ, குனிந்து கல்லுக்கு அடியில் கையை விட்டாள். ஒன்றும் இல்லை. தொட்டிக்கு ஓடினாள். மோட்டார் பெட்டியைத் திறந்தாள். முருங்கைப் பொந்தில் கையை விட்டாள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘நல்லா தேடு’ என்று மனத்துக்குள் சொன்னேன். எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

என் வாசற்படிக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

“பெரிம்மா, இங்கிருந்த சீட்டைப் பாத்தீங்ளா?”

“கோழி கெளறியிருக்கும் அம்மணி.”

“ஒம்போது எடத்துலயுமாங்?”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கை கால் எல்லாம் வேர்த்துக் கொட்டியது. எழுந்து போய்த் தொட்டி ஓரத்தில் வாந்தி எடுத்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது, வெறும் தண்ணீர்தான் வந்தது. “எல்லாம் போச்சு, எல்லாம் போச்சு” என்று அதையே சொன்னாள்.

வைத்த கட்டு அறுந்தால் வைத்தவளுக்கு இப்படித்தான் ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அடுத்த நிமிடம் அவள் முதுகு எலும்பு சட்டைக்கு மேல் தெரிவதைப் பார்த்தேன். சொம்பில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன்.

“என்ன போச்சு? அந்தச் சீட்டுல என்ன எழுதியிருந்தே?”

“கெமிஸ்ட்ரிங் பெரிம்மா. ஹாலுக்குப் போனா தலைக்குள்ள ஒண்ணுமே இருக்கறதில்லைங். ஆனா இந்த வாசலு மறக்காதுங்கள்ல? அதனால ஒவ்வொரு எடத்துக்கும் ஒண்ணுன்னு வெச்சேன். ஹால்ல உக்காந்து கண்ணை மூடிட்டுக் கேட்டைத் தொறந்தா, வரிசையா எல்லாம் நெனப்பு வரும்னு. பேருகூட எழுதலைங், பேரை நானாச் சொல்லோணும்னு.”

“அப்போ அது… தகடு எழுதற மாதிரி…” என்று இழுத்தேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “எடுத்தது நீங்களாங்?”

“நொய்யல்ல உட்டுபோட்டேன் கண்ணு.”

“நொய்யல்லயா?”

“உப்பு மொளகா வெச்சு. கோழி முட்டை வெக்கறதை நிறுத்திப்போடுச்சா, அதனால…”

சொம்பை டங்கென்று கீழே வைத்தாள். பிறகு அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். “உங்கூட்டுக் கோழிக்குக் கெமிஸ்ட்ரியில சூனியம் வெச்சனாக்கும் நானு! நாளைக்குப் பரிட்சைங் பெரிம்மா. நீங்களே போய் எழுதிட்டு வந்துருங்!”

நியாயமான பேச்சு. மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரியாமல் நின்றேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“கல்லுல இருந்தது ஆறு மூலை. தலையில வட்டம், ஏணி.”

அழுகையை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். “அது பீனால். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எல்லாந் தெரியும். மூணு நாளு மனப்பாடம் பண்ணுனேன்.”

“எதுக்குங்?”

அந்தத் தகடு எடுத்த ஆள் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அடுத்ததைச் சொல்லாதீங்க. நான் சொல்றேன். சரியான்னு மட்டும் சொல்லுங்,” என்றாள்.

கேட்டிலிருந்து ஆரம்பித்தோம். தொட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, “அனிலீன்,” என்றாள். எனக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்? “எழுத்தைச் சொல்லு,” என்றேன். இங்கிலீஷில் என், ஹெச், ரெண்டு என்று சொல்லிக்கொண்டே விரலால் காற்றில் எழுதினாள். சாய்கோடு, ஏணி, இரண்டு. “சரி,” என்றேன். அதை என்ன என்னவோடு சேர்த்தால் என்ன என்ன ஆகும் என்று தடதடவென்று சொன்னாள். அதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுக்கு வேர்வை அடங்கியிருந்ததைப் பார்த்தேன்.

ஏழு இடம் சரியாக வந்தது. மோட்டார் பெட்டியிலும் கோழிக்கூண்டிலும் தகராறு. பிறை, ஏணி, வட்டம் மோட்டார் பெட்டி என்றாள் அவள். கூண்டு என்றேன் நான். மோட்டார் பெட்டியில் இருந்தது பிறை, வட்டம், வட்டம், ஏணி.

“வெச்சது நானுங் பெரிம்மா.”

“எடுத்தது நானாக்கும்.”

“மறுபடியும் எதையாச்சும் மாத்தி உட்டு என்னைக் கொழப்பறீங்ளா?”

அந்தச் சந்தேகம் அவளுக்கு வந்ததில் தப்பே இல்லை. ஆனாலும் நான் விடவில்லை. வாழ்க்கையில் யாரோடும் அவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டதில்லை. அடுத்த சந்துக்காரி எட்டிப் பார்த்தாள். கடைசியில் பாதிக் கோபத்தோடு புத்தகத்தைக் கொண்டு வந்து, அந்த இரண்டையும் மட்டும் இரண்டு மூன்று தடவை படித்தாள். புதுச் சீட்டு எழுதவில்லை. “இனி எங்கயும் வெக்க மாட்டேன், நீங்க எடுத்துருவீங்க,” என்றாள்.

சாயங்காலம் விஷயம் தாய்க்குத் தெரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “எங்களைக் காலி பண்ண வெக்க ஏதோ வேலை பாக்கறீங்கன்னு எனக்கு அப்பவே தோணுச்சுங் அக்கா. ஜன்னலு எப்பவும் ஒரு சாண் தொறந்தே இருக்கும். நான் கவனிக்காமயா இருந்தேன்?” என்றாள். அவர்கள் என்னைக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்திருக்க, நான் அவர்களைக் கிளப்பப் பார்ப்பதாக அவள் நினைத்திருக்கிறாள்.

பரீட்சையன்று காலை இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் அதைத் தட்டோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தின்றுவிட்டு, “போய்ட்டு வாரேனுங்,” என்று கிளம்பினாள்.

அன்று நான் ஜன்னலுக்குப் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டி வந்தாள். நேராகக் கோழிக்கூண்டுக்குப் போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து அவளிடம் போனேன்.

“கேள்வியைப் பாத்ததும் ஒண்ணும் வரலைங் பெரிம்மா,” என்றாள். “பழையபடி கையெல்லாம் வேர்த்துப் போச்சு. கண்ணை மூடிட்டுக் கேட்டைத் தொறந்தேன். கல்லு வந்துச்சு. தொட்டி வந்துச்சு. கூண்டுக்கு வந்தா, அங்க நீங்க நிக்கறீங்க, இடுக்கியோட. பெறை, ஏணி, வட்டம்னு சண்டைக்கு வாரீங்க. அதுலதான் பெரிய கேள்வியே.”

“எழுதுனியா?”

“எழுதாம? பேப்பர் பத்தலைங்.”

அவள் தேறிவிட்டாள். நர்ஸுக்குத்தான் படிக்கிறாள், கோயமுத்தூரில். தாய் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாள். வெளியே போகும்போது பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். நானும் வாசல் தெளிக்கும்போது படி இடுக்கில் ஒரு கண் வைக்கத்தான் செய்கிறேன். கோழி மட்டும் தானாக முட்டை இட ஆரம்பித்துவிட்டது.

இதில் எழுத்துகளின் வரிசை எனக்கு மாறிப் போயிருக்கலாம். பிறை, ஏணி, வட்டம் என்று எழுதியிருப்பது சரிதானா, அனிலீனுக்கு இரண்டா மூன்றா என்று கெமிஸ்ட்ரி படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். கூண்டில் இருந்தது எது என்பதை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். நான் கேட்டால் நான் சொன்னதுதான் சரி என்கிறாள். எனக்காக மாற்றிச் சொல்கிறாளோ என்று சந்தேகமாகவே இருக்கிறது.