தண்ணீர் குடித்த பந்துகள்

செவ்வாய்க்கிழமை காலையில் ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டில் நின்றிருந்தேன். மீன் நறுக்குகிற பெங்காலிக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "சாச்சா, லம்பா லைன் கோல்ஃப் தாதா குஜர் கயா" என்றார். லம்பா லைன் பக்கம் குடியிருந்த மாரிமுத்து அண்ணன் போய்விட்டார். நறுக்கிய சூரையை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அவரை அறிந்த உங்களுக்காக நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

சீனச் சண்டைக்கு இரண்டு வருடம் கழித்து, சர்க்கார் ரோடு வேலையில் தினக்கூலி மஸ்தூராக அவர் போர்ட் பிளேருக்கு வந்தார். அதற்கு முன் மதராசில் துரைமார் கோல்ஃப் ஆடும்போது பை தூக்கியவர். பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றவர். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி நாலு மட்டைகளையும் ஏழு பந்துகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரே நினைப்பு. கல்கத்தாவில் நடக்கும் போட்டியில் முதல் சில பேருக்குள் வந்தால், ஏதாவது ஒரு கிளப்பில் ஆட்டம் சொல்லித்தரும் சம்பள வேலை கிடைக்கும். கல் உடைக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடாவைப் பார்த்த புல்சரிவில் நின்று அடிப்பார். தண்ணீரோரம் நட்ட மூங்கில்தான் குறி. இத்தனை வீச்சுக்கு இத்தனை தூரம் என்று கையில் பதியும்வரை அடிப்பார். கொஞ்சம் தப்பினால் பந்து கடலில். புதுப் பந்து இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் ஒன்றுக்கே சில நாள் கூலி போய்விடும். நான் தூத்துக்குடியில் சங்கு குளித்துவிட்டு, இங்கே சிப்பி எடுக்க வந்தவன். கோவிலில் பூசை முடிந்ததும் தண்ணீரில் இறங்கிப் பந்துகளைத் தேடி எடுத்துக் கொடுப்பேன். சிப்பிப் படகில் போனால் நான் திரும்ப மூன்று வாரமாகும். அதுவரை பந்து சேற்றில் கிடக்கும். "துரைமார் பந்தைப் பார்த்து அடிக்கிறாங்க தம்பி. நான் உன் படகு எப்ப வரும்னு பார்த்து அடிக்கிறேன்" என்பார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு கல்கத்தா புறப்பட்டார். கப்பல் கட்டணம், போட்டிக்குக் கட்டும் பணம், ஆணி வைத்த சப்பாத்து. எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, எப்போதாவது வரும் கப்பலுக்காகக் கூலியில்லாமல் காத்திருப்பதுதான். மூன்று நாள் ஆட்டத்துக்கு ஒன்றரை மாதக் கூலி போகும். வீட்டுக் கூரைக்கென்று வாங்கி அடுக்கியிருந்த தகரத்தை விற்றார். அண்ணி பேச்சியம்மாள் அவரிடம் நேராகப் பேசவில்லை. அவர் காதில் விழ என்னிடம் சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க தம்பி, மழை பெஞ்சா அந்த ஏழு பந்தையும் தலைக்கு மேல பிடிச்சுக்கிடுறேன்னு."

"ஆறுதான். ஒண்ணு இன்னும் சேத்துல கிடக்கு" என்றார் அண்ணன்.

பழைய பந்துகள் மஞ்சளாகித் தோல் கீறிப்போயிருந்தன. கல்கத்தாவில் மிச்சக் காசுக்கு மூன்று புதுப் பந்து வாங்கி முதல் நாள் இறங்கினார். அடித்ததெல்லாம் குழியைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழுந்தது. சாயங்காலம் பழையதையும் புதியதையும் இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஊறின பந்து தூரம் போகாது. அவர் கை பழகியிருந்ததோ ஊறின பந்துக்கு. மறுநாள் வீச்சைக் குறைத்து நன்றாகவே ஆடினார். ஆனால் முதல் நாள் கணக்கு அவரைக் கீழே இழுத்துவிட்டது. மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு அவர் பெயர் வரவில்லை. கப்பல் வரும்வரை அங்கேயே அடுத்தவர் பையைத் தூக்கிய கூலியில் சாப்பிட்டார்.

திரும்பி வந்து சாத்தம் கப்பல்துறையில் இறங்கியதும் இதை என்னிடம் சொன்னார். அப்போது நானும் ஒன்று சொன்னேன். பந்துகள் கனத்துவருவது எனக்கு முன்பே தெரியும். கடலில் கிடந்த பொருளின் கனம் குளியாளுக்குத் தெரியாதா? உப்பு ஏறியிருக்கும், அதனால் என்ன என்று சும்மா இருந்துவிட்டேன்.

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். "அரே, சொல்லியிருந்தா மட்டும்? புதுப் பந்துல பழகணும்னா தகரத்தோட வீட்டையும்ல வித்திருக்கணும்!" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டு மழைக்காலம் அண்ணி ஒழுகுகிற இடமெல்லாம் பாத்திரம் வைத்துச் சமாளித்தார். அதற்குப் பிறகு சேர்ந்த காசுக்கு அண்ணன் தகரம் வாங்கினார். கல்கத்தா பேச்சை எடுக்கவில்லை. ரோடு வேலையிலேயே ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமை சரிவில் நின்று அடிப்பதை மட்டும் விடவில்லை. நானும் எடுத்துக் கொடுப்பதை விடவில்லை.

அவரால் எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். கையில் வாங்கிய பொருள் எதுவானாலும், அதன் கனத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். அரிசிப் பையோ மருந்துச் சீசாவோ, மருமகள் சிரித்தாலும் சொல்லிவிடுவேன்.

புதன்கிழமை அவரைத் தூக்கினார்கள். தோள் கொடுக்க என் உடம்பில் பலமில்லை. பாடை மூங்கிலுக்கு அடியில் கையை மட்டும் கொடுத்தேன்.

"கனமே இல்லை" என்றேன்.