வியர்க்காத ஐஸ்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம். கள்ளக்குறிச்சிப் பக்கம் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். நான் அப்போது கிராம நர்ஸ். கல்வராயன் மலையில் ஓர் ஊரில் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட வேண்டிய நாள் அது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

பிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டிகளைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, வியர்த்த பிறகுதான் மருந்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். வழியில் எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறோமோ, உருகாமல் இருக்கட்டும் என்று நான் அப்படியே அடுக்கினேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பஸ் பாதியில் நின்றது. மரங்களைத் தாண்டி நடந்து, பிறகு ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலை ஏறினேன். குழந்தைகளோடு காத்திருந்த எல்லோருக்கும் முன்னால் ஒருத்தி நின்றிருந்தாள். போன வருடம் தொண்டை அடைப்பானில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். இடுப்பில் இளையது, இரண்டாவது ஊசிக்கு. குப்பியைக் குலுக்கி, போட்டுவிட்டேன்.

அடுத்த குழந்தைக்காகக் குப்பியை எடுத்தபோதுதான் கவனித்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திப்பி இறங்கிக்கொண்டிருந்தது. வியர்க்காத ஐஸ் பட்டு மருந்து வழியில் உறைந்திருக்கிறது. உறைந்துபோனால் அதைப் போடுவதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

"இனிமே பயம் இல்லீங்களே, நர்சம்மா?" என்று கேட்டாள் அவள்.

சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன். மற்றவர்களை மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் மலைக்கு வண்டியே இல்லை. நடந்தே இறங்கி வந்த மலைக்காரர் யாரையாவது கடைத்தெருவில் பார்த்தால், குழந்தைகள் சுகமா என்று கேட்கவே பயந்து ஒதுங்கிப் போவேன்.

வழி திறந்த அன்றே நல்ல மருந்தோடு போனேன். அவள் வீடு பூட்டியிருந்தது. கூப்பிட்டதும் குழந்தையோடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள்.

"அன்னிக்குப் போட்டது கெட்டுப்போன மருந்தும்மா. தெரிஞ்சும் சொல்லாம போயிட்டேன். மறுபடி போடணும்."

அவள் பக்கத்து வீட்டைக் கை காட்டினாள்.

"இன்னாங்க சொல்றீங்க? இந்த வூட்டுப் புள்ள தொண்ட அடைச்சிக்கினு கெடக்குதுங்க. எம்புள்ளைக்குத்தான் ஊசி போட்டாச்சேன்னு மூணு நாளா இதையும் தூக்கிக்கினு இங்கதான் இருக்கேன்."

நான் பெட்டியைத் திறந்தேன். இந்த முறை எல்லாம் சரியாக அடுக்கியிருந்தேன். அவளோ தன் குழந்தையின் வாயைத் திறந்து, தொண்டை தெரிய வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.